முதல் இரண்டாயிரத்து ஐநூறு நம்முடையது

எங்கள் வீட்டுக்குக் கார் வந்தபோது என் வீட்டுக்காரர் சவூதியில் டிரைவராக இருந்தார். பதினோரு வருஷ அனுபவம். ஆனால் அந்தக் காரைப் பெரம்பலூரில் ஓட்ட இருந்தது நான் ஒருத்திதான். என் அனுபவம், கார் வந்த பிறகு கற்றுக்கொண்ட முப்பது நாள்.

சொந்த ஊர் லப்பைக்குடிக்காடு. மகள்கள் இரண்டு பேரையும் பெரம்பலூரில் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்ததால் அங்கே ஒரு வாடகை வீட்டில் நானும் பிள்ளைகளும் மாமியும், அதாவது அவருடைய அம்மாவும், இருந்தோம். கல்யாணம், மௌத்தான வீட்டில் துக்கம் கேட்பது, பிள்ளைக்குப் பேர் வைப்பது என்று மாதத்துக்கு இரண்டு தடவையாவது ஊருக்குப் போய் வரவேண்டியிருக்கும். ஒரு முகூர்த்த நாளில் பஸ்ஸில் இடம் கிடைக்காமல் மாமி முட்டிவலியோடு ஊர் வரைக்கும் நின்றுகொண்டே வந்தது. சின்ன மகள் அதைப் போனில் தன் அத்தாவிடம் சொல்லிவிட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை அவர் கூப்பிட்டபோது, "இங்க யார் யாரையோ ஏசி போட்டு ஏத்திக்கிட்டுத் திரியறேன். எங்கம்மா அங்க கம்பியப் புடிச்சுக்கிட்டு நிக்குது" என்றார்.

இரண்டு மாதத்தில் பணம் வந்தது. திருச்சியில் இருந்த என் தம்பி, மூன்று வருஷம் ஓடிய சின்ன வெள்ளைக் கார் ஒன்றைப் பார்த்து வாங்கி, என் பேரிலேயே பதிவு செய்து கொண்டுவந்து நிறுத்தினான். யார் ஓட்டுவது என்று போனில் கேட்டேன். "நீதான்" என்றார், டீ போடச் சொல்வது போல. அப்போது அவர் இருந்த நாட்டில் பெண்கள் யாரும் ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை. அறையில் கூட இருந்தவர்கள் நம்பவில்லையாம். நான் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் போட்டோ ஒன்றை அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுத்தவர் பொறுமைசாலி. முப்பது நாளில் என்னை லைசென்ஸ் வாங்க வைத்துவிட்டார். மாமி முதல் நாளே முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தது. நான் பிஸ்மில்லாஹ் சொல்லிச் சாவியைத் திருப்பினால், மாமி எனக்கும் சேர்த்து இன்னொரு தடவை சொல்லும். எங்களை எதிரே பார்த்தவர்கள் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நின்றார்கள். அது மரியாதையா பயமா என்று மாமியிடம் கேட்டேன். எதுவாக இருந்தாலும் வழி கிடைத்தால் சரி என்றது.

அந்த முதல் மூன்று மாதத்தில் நான் வண்டியை இரண்டு முறை இடித்தேன். ஒருமுறை எங்கள் வீட்டு கேட்டிலேயே இடது கதவைத் தேய்த்தேன். இன்னொருமுறை காய்கறி மார்க்கெட்டில் பின்னால் எடுக்கும்போது ஒரு கல்தூணில் பம்பரை வைத்தேன். தூணுக்கு ஒன்றும் ஆகவில்லை. பட்டறையில் கொடுத்துத் தட்டி எடுத்து, பட்டி வைத்து, பெயிண்ட் அடித்து வாங்கிவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை. மாமியும் சொல்லவில்லை. பிள்ளைகளிடம் மட்டும் சத்தியம் வாங்கியிருந்தோம்.

பழைய சொந்தக்காரர் போட்டிருந்த இன்சூரன்ஸ் முடிய பத்து நாள் இருந்தபோது ஏஜென்ட் வந்தாள். என் வயதுதான் இருக்கும். தா.பழூர் பக்கம் ஊர். மொபெட்டில் பையை மாட்டிக்கொண்டு பெரம்பலூருக்கும் அரியலூருக்குமாக அலைகிறவள். அவள் அப்பாவும் அம்மாவும் ஊரார் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள் என்று அவளே பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். முதல் நாளே என்னை அக்கா என்று கூப்பிட்டாள்.

அவள் விரித்து வைத்த விண்ணப்பப் பாரத்தில் ஒரு இடம் காலியாக இருந்தது. நான் எவ்வளவு தொகைக்குச் சம்மதிக்கிறேன் என்று அவள் கேட்டாள். எதற்குச் சம்மதம் என்று எனக்குப் புரியவில்லை.

"எக்ஸஸ்னு சொல்லுவாங்க அக்கா. அதிகம்னு நெனச்சுக்காதீங்க. ரிப்பேர் பில்லுல நம்ம பங்கு, அவ்வளவுதான்" என்றாள்.

பிறகு நிதானமாக விளக்கினாள். வண்டி அடிபட்டால் கம்பெனி பணம் கொடுக்கும். ஆனால் முதல் ஐநூறு ரூபாய் எப்படியும் நம்முடையது, அதில் பேச்சில்லை. அதற்கு மேலும் கொஞ்சம் நானே போட்டுக்கொள்கிறேன் என்று முன்கூட்டியே ஒத்துக்கொண்டால், வருஷக் கட்டணத்தில் குறைப்பார்கள். இரண்டாயிரத்து ஐநூறு, ஐயாயிரம், ஏழாயிரத்து ஐநூறு, பதினைந்தாயிரம் என்று படிப்படியாக இருந்தது. எவ்வளவு அதிகம் ஒத்துக்கொள்கிறோமோ அவ்வளவு கட்டணம் குறையும். ஒன்றுமே ஒத்துக்கொள்ளாமலும் இருக்கலாம்.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. நீ எவ்வளவு மோசமாக ஓட்டுவாய் என்று அந்தப் பாரம் என்னைக் கேட்பது போலிருந்தது. நாலு நாள் டைம் கேட்டேன்.

வெள்ளிக்கிழமை அவர் கூப்பிட்டார். விஷயத்தைச் சொன்னதும், யோசிக்கவே வேண்டாம், பதினைந்தாயிரத்தைப் போடு என்றார். பதினோரு வருஷத்தில் அவர் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. கவனமாக ஓட்டுகிறவர்கள் எதற்குக் கம்பெனிக்குக் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்பது அவர் நியாயம். நீயும் கவனமாகத்தானே ஓட்டுகிறாய் என்று வேறு சொன்னார்.

கேட்டையும் தூணையும் மறைத்தால் பதினைந்தாயிரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மறைக்காவிட்டால் வண்டியின் சாவியை வேறு யார் கையிலாவது கொடுக்கச் சொல்லிவிடுவாரோ என்று பயம். அந்த மூன்று மாதத்தில் சாவி எனக்கு அவ்வளவு பிடித்துப் போயிருந்தது.

"ரெண்டு தடவை இடிச்சிட்டேங்க" என்றேன்.

"எதுல?" என்றார்.

"ஒண்ணு நம்ம கேட்டு. ஒண்ணு மார்க்கெட்டுத் தூணு."

அதற்குப் பிறகு அவர் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. நிற்கிற பொருள்களைத்தான் இடித்திருக்கிறாய், ஓடுகிற எதையும் இடிக்கவில்லையே, அல்ஹம்துலில்லாஹ் என்றார். ஆனால் பதினைந்தாயிரத்தை விடவில்லை. இனிமேல் பழகிவிடும் என்றார். முடிவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்தேன்.

மறுநாள் என் கதவுக்குப் பெயிண்ட் அடித்துக்கொடுத்த பட்டறைக்கே போனேன். பட்டறைக்காரர் ஒரு காரின் அடியில் படுத்திருந்தார். எதை இடித்தீர்கள் என்று அங்கிருந்தபடியே கேட்டார். ஒன்றும் இடிக்கவில்லை, இடித்தால் எவ்வளவு ஆகும் என்று தெரிந்துகொள்ள வந்தேன் என்றேன். வெளியே வந்து என்னை ஒரு மாதிரி பார்த்தார். இருபது வருஷத் தொழிலில் அப்படிக் கேட்டு வந்த முதல் ஆள் நான்தானாம்.

ஆனால் கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொன்னார். கதவில் கோடு விழுந்தால் இவ்வளவு, பம்பர் நசுங்கினால் இவ்வளவு, முன்பக்கம் மொத்தமாக வாங்கினால் ரேடியேட்டரோடு சேர்த்துப் பதினைந்து பதினாறாயிரம் வரைக்கும் போகும் என்றார். கேட்டு, தூணு மாதிரியான அடி எல்லாம் இரண்டாயிரத்தைத் தாண்டவில்லை. அதற்கெல்லாம் கம்பெனிக்குப் போகாதீர்கள் என்றும் சொன்னார். ஒருமுறை பணம் கேட்டுவிட்டால், கேட்காதவர்களுக்குக் கொடுக்கும் தள்ளுபடி அடுத்த வருஷம் போய்விடும்.

வீட்டுக்கு வந்து மாமிக்கு எதிரே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஏஜென்ட் எழுதிக் கொடுத்திருந்த துண்டுச் சீட்டில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. இரண்டாயிரத்து ஐநூறு ஒத்துக்கொண்டால் கட்டணத்தில் எழுநூற்றைம்பது ரூபாய் குறைகிறது. பதினைந்தாயிரம் ஒத்துக்கொண்டால் ஆயிரத்து நானூறு. அதாவது மேற்கொண்டு அறுநூற்றைம்பது ரூபாய் மிச்சம் பிடிக்க, மேற்கொண்டு பன்னிரண்டாயிரத்து ஐநூறை என் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டும். முதல் படியில்தான் லாபம். மேலே ஏற ஏறக் கம்பெனிக்குத்தான் வசதி. சின்ன அடியை எப்படியும் நானே பார்த்துக்கொள்ளப் போகிறேன். அப்படியிருக்க முதல் படியை எடுத்தால் போதும். வீட்டில் எந்த நாளிலும் யாரிடமும் கைநீட்டாமல் இரண்டாயிரத்து ஐநூறு எடுக்க முடியும். பதினைந்தாயிரம் எடுக்க முடியாது.

மாமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவன் சொன்னா சொல்லிட்டுப் போறான். கேட்ட இடிக்கிறவ நீதானே" என்றது.

ஏஜென்ட் வந்ததும் இரண்டாயிரத்து ஐநூறு என்று எழுதச் சொன்னேன். கையெழுத்தும் போட்டேன். பாலிசி வந்தபோது அதில் சொந்தக்காரர் என்ற இடத்தில் என் பேர் அச்சில் இருந்தது. ரேஷன் கார்டில் நான் இன்னாருடைய மனைவி. இதில் யாருடைய மனைவி என்றும் போடவில்லை. இரண்டு தடவை வாசித்துவிட்டு பீரோவில் வைத்தேன்.

ஜனவரியில் அவர் இரண்டு மாத லீவில் வந்தார். திருச்சி ஏர்போர்ட்டுக்கு நானே வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். மாமியும் பிள்ளைகளும் பின்சீட்டில். அவர் வெளியே வந்து, எங்களை எல்லாம் கட்டிப் பிடித்து முடித்து, பெட்டிகளை ஏற்றினார். பிறகு, சாவியைக் கொடு என்று என்னிடம் வாங்கிக்கொண்டு, வேகமாகப் போய் இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தார். அங்கே ஸ்டியரிங் இல்லை. அவர் ஓட்டிய நாட்டில் ஸ்டியரிங் இடது பக்கம். பிள்ளைகள் சிரித்ததில் பின்சீட்டே ஆடியது. அவரும் சிரித்துக்கொண்டு சாவியை என்னிடமே நீட்டினார். அன்றைக்குப் பெரம்பலூர் வரைக்கும் நான்தான் ஓட்டினேன். வழியெல்லாம் அவர் வலது காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். ஆனால் வீட்டில் இறங்கியதும், நன்றாக ஓட்டுகிறாய் என்று சொன்னார். கேட்டுக்குள் வண்டியை விடும்போது மட்டும் இறங்கி நின்று கை காட்டினார்.

பொங்கல் லீவில் ஊருக்குப் புறப்பட்டோம். அவர்தான் ஓட்டினார். அதற்குள் நாலைந்து தடவை ஓட்டிப் பழகியிருந்தார். வண்டிகள் போய்வரும் ரோட்டில், மற்றவர்களைப் பார்த்து இடது பக்கம் சரியாகவே போனார். வழியில் டீ குடிக்க நிறுத்தினோம். குடித்துவிட்டுக் கிளம்பியபோது ரோடு காலியாக இருந்தது. பார்த்துப் போக முன்னால் ஒரு வண்டியும் இல்லை. பதினோரு வருஷப் பழக்கம் அந்தக் காலி ரோட்டில் அவர் கையைப் பிடித்து வலது பக்கம் கூட்டிப் போய்விட்டது. பேச்சு சுவாரசியத்தில் நானும் கவனிக்கவில்லை.

வளைவில் ஒரு டிராக்டர் எதிரே வந்தது. எறையூர் ஆலைக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு போகிற டிராக்டர். பாரம் மலைபோல இருந்ததால் மெதுவாகத்தான் வந்தது. எங்களைப் பார்த்ததும் டிராக்டர்காரர் தன் இடது பக்கம் ஒதுங்கினார். என் வீட்டுக்காரர் தன் வலது பக்கம் ஒதுங்கினார். இரண்டும் ஒரே பக்கம். டிராக்டர் நின்றுவிட்டது. எங்கள் வண்டி பிரேக் பிடித்தும் கொஞ்சம் வழுக்கிப் போய் அதன் முன்னால் முட்டி நின்றது. ஒரு லைட் உடைந்தது. பானெட் கூடாரம் மாதிரி எழும்பியது. அடியிலிருந்து தண்ணீர் கொட்டியது. கடைசியாக, கட்டு அவிழ்ந்த கரும்புகள் சில மேலேயிருந்து சரிந்து எங்கள் கூரையில் விழுந்தன.

யாருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை. மாமி முதலில் பிள்ளைகளைத் தொட்டுப் பார்த்தது, பிறகு என்னை, பிறகு மகனை. டிராக்டர்காரர் நிதானமாக இறங்கி வந்தார். நடுவயது ஆள். டிராக்டரைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார். அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

"பாய், உங்களுக்கு ரோடு எந்தப் பக்கம்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது போலிருந்தது.

என் வீட்டுக்காரர் ரோட்டோரம் போய் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. பதினோரு வருஷம், பதினோரு வருஷம் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தார். நான் விவரத்தைச் சொன்னேன். டிராக்டர்காரர் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தன் மச்சானும் துபாயிலிருந்து வந்த புதிதில் இதேபோல வைக்கோல் வண்டிக்குள் பைக்கை விட்டான் என்று சொன்னார். கரும்பை முழங்காலில் வைத்து ஒடித்து ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். பிள்ளைகளுக்கு அது திருவிழாவாகிவிட்டது.

என் வீட்டுக்காரருடைய புது செல்போனில் ஏஜென்ட்டைக் கூப்பிட்டேன். வண்டியை நகர்த்துவதற்கு முன் இருக்கிறபடியே போட்டோ எடுக்க வேண்டும் என்றாள். முக்கால் மணி நேரத்தில் ஒரு போட்டோக்காரரை மொபெட்டின் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். வந்ததும் முதலில் மாமியைத்தான் விசாரித்தாள். பிறகு வண்டியைப் பார்த்தாள். எந்த அடிக்கு எவ்வளவு ஆகும் என்று எனக்குப் பட்டறைக்காரர் ஏற்கெனவே பாடம் எடுத்திருந்ததால், பதினைந்துக்கு மேல் போகும் என்று நானே சொன்னேன். அப்படியே ஆயிற்று. பில் பதினாறாயிரத்தைத் தொட்டது.

சேதத்தைக் கணக்கெடுக்கக் கம்பெனி அனுப்பிய சர்வேயர் பட்டறைக்கு வந்து பார்த்தார். ஓட்டியவரின் லைசென்ஸைக் கேட்டார். சவூதி லைசென்ஸ் இங்கே செல்லாது. ஆனால் என் வீட்டுக்காரர் வெளிநாடு போவதற்கு முன்பே இங்கே எடுத்திருந்த லைசென்ஸை மாமி பத்திரமாக வைத்திருந்தது. இருபது வருஷத்துக்குச் செல்லும். இன்னும் பாக்கி இருந்தது.

விபத்து எப்படி நடந்தது என்று எழுத வேண்டிய இடத்தில்தான் அவர் தடுமாறினார். மூன்று தாள் வீணாயிற்று. டிராக்டர் திடீரென வந்ததாக ஒன்று. வளைவு மோசம் என்று ஒன்று. கடைசியில் ஏஜென்ட்டைப் பார்த்து, உள்ளதை எழுதினால் பணம் தர மாட்டார்களா என்று கேட்டார். தப்பு செய்தால் தர மாட்டோம் என்றால் இன்சூரன்ஸே எதற்கு என்றாள் அவள். உள்ளதையே எழுதினார். வெளிநாட்டுப் பழக்கத்தில் வலது பக்கம் போய்விட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது.

பழைய வண்டி என்பதால் உதிரி பாகங்களில் கொஞ்சம் கழித்தார்கள். அது போக, கட்டாயமான ஐநூறும் நான் ஒத்துக்கொண்ட இரண்டாயிரத்து ஐநூறும் எங்கள் பங்கு. மீதி பத்தாயிரம் கம்பெனி கொடுத்தது. அவர் சொன்னபடி பதினைந்தாயிரம் போட்டிருந்தால் ஒரு ரூபாய்கூட வந்திருக்காது. இதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. பட்டறையில் பில்லைப் பார்த்துக்கொண்டே நின்றவர், வெளியே வந்ததும், "நான் என்னை நெனச்சு ஒரு தொகை சொன்னேன். நீ வண்டிய நெனச்சு ஒரு தொகை சொன்னே" என்றார். அவ்வளவுதான் பேசினார். எனக்கு அன்று முழுக்கத் தரையில் கால் படவில்லை.

வண்டி தயாராகி வந்ததும், எனக்குக் கற்றுக்கொடு என்றார். மீதியிருந்த லீவில் தினமும் சாயங்காலம் கிளம்பினோம். அவர் ஓட்ட, நான் பக்கத்தில். ரோடு காலியாகிற ஒவ்வொரு முறையும் நான் சொல்வதற்கு முன்பே பின்சீட்டிலிருந்து இரண்டு மகள்களும், இடது இடது என்று பாடினார்கள். பத்து நாளில் கை படிந்துவிட்டது.

அவர் திரும்பிப் போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஏஜென்ட் எங்களைத் தா.பழூரில் அவள் அம்மா வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். மீன் குழம்புதான், ஹலாலா என்று யோசிக்காமல் தைரியமாக வாங்க என்று சொல்லியிருந்தாள். அவளையும் ஏற்றிக்கொண்டு அரியலூர் வழியாகப் போனோம். அவர் ஒரு இடத்தில்கூடப் பக்கம் மாறவில்லை. ஊரை நெருங்கும்போது பார்த்தால், தார் ரோட்டின் இடது பாதி முழுக்க நெல் காயப் போட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் கல் வைத்து, நீளத்துக்கு ஒரே பொன்னிறம். அவர் வண்டியை நிறுத்திவிட்டு எங்கள் எல்லோரையும் திரும்பிப் பார்த்தார்.

"இப்ப என்ன பண்ண?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமிதான் கதவைத் திறந்து இறங்கியது. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, முட்டிவலியை எல்லாம் மறந்து, நெல்லுக்கு அந்தப் பக்கமாக முன்னால் நடந்து, எதிரே வண்டி ஏதும் வருகிறதா என்று பார்த்து, வா வா என்று கையை ஆட்டியது. அவர் மாமிக்குப் பின்னாலேயே வலது பக்கமாக, நடை வேகத்தில், ஊருக்குள் ஓட்டிக்கொண்டு போனார். நெல் கிண்டிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

ஏஜென்ட்டின் அம்மா வாசலில் காத்திருந்தார். பெரிய சட்டி நிறையக் குழம்பு. பிள்ளைகள் முள் எடுக்கத் தெரியாமல் உட்கார்ந்திருக்க, அந்த அம்மாவே பக்கத்தில் அமர்ந்து எடுத்துக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். ஏஜென்ட் என் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்துவிட்டு, சாப்பிட்டு முடித்ததும் தானும் ஒரு ரவுண்டு வண்டியை ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டாள். ஊருக்கு வெளியே ஏரிக்கரைப் பக்கம் காலி இடம் இருக்கிறதாம். கையைக் கழுவிக்கொண்டு நானும் அவளும் கிளம்பினோம்.